கை உயர்த்தாத பிள்ளைகள்

அமெரிக்காவில் மதச் சுதந்திரம்: வரலாற்றுத் தொடர், பகுதி 12

சென்ற பகுதியில் 1879ஆம் ஆண்டின் ரெனால்ட்ஸ் வழக்கைப் பார்த்தோம். மார்மன்களின் பலதார மணத்தைப் பற்றிய அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. ஒருவர் மனத்தில் எதை நம்பினாலும் அரசு தலையிடாது. நம்பிக்கை செயலாக வெளியே வந்துவிட்டால் பொதுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோடு பெரிய சேதமில்லாமல் நின்றது. அதைக் குழப்பிவிட்டவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்கள் எதையும் செய்ததற்காக வழக்கு வரவில்லை. செய்யாமல் நின்றதற்காக வந்தது. கொடிக்கு முன் வலது கையை நீட்டி உறுதிமொழி சொல்வது செயலா, நம்பிக்கையை அறிவிக்கும் பேச்சா? அதைச் செய்ய மறுப்பது எதில் சேரும்? உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு முறை விடை சொன்னது. முதல் விடைக்கும் அதற்கு நேர்மாறான இரண்டாம் விடைக்கும் இடையில் கழிந்தவை மூன்றே ஆண்டுகள்.

மைனர்ஸ்வில், பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த ஊர். சுமார் பத்தாயிரம் பேர் வசித்த அந்த ஊரில் மிகப் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். வால்டர் கோபைட்டஸ் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு சபையில் சேர்ந்திருந்தது. 1935 அக்டோபர் 22 அன்று, ஐந்தாம் வகுப்பில் காலை உறுதிமொழி நேரத்தில், அவருடைய பத்து வயது மகன் வில்லியம் கையை உயர்த்தவில்லை. ஆசிரியை கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். பையன் கால்சட்டைப் பையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டான். மறுநாள் அவனுடைய அக்காள் லில்லியனும் மறுத்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு, வகுப்புத் தலைவியும் அவள்தான். தன் ஆசிரியையிடம் முன்கூட்டியே போய்க் காரணத்தைச் சொன்னாள். அவர் அவளை அணைத்துக்கொண்டு நல்ல பிள்ளை என்றாராம். உடன் படித்த பிள்ளைகளோ அவள் பள்ளிக்கு வரும்போது பொடிக்கல்லை வீசி, "யெகோவா வருது பார்!" என்று கத்தினார்கள்.

அந்தக் காலத்துக் கொடி வணக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் விஷயம் விளங்கும். உறுதிமொழியை 1892இல் எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லாமி. பாப்டிஸ்ட் போதகர், கூடவே சோஷலிசக் கொள்கைக்காரர். கொலம்பஸ் வந்து நானூறு ஆண்டு ஆன விழாவுக்காக ஒரு சிறுவர் பத்திரிகை அதை வெளியிட்டது. பாப்டிஸ்ட் போதகரே எழுதியும் அதில் கடவுளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இன்று அதில் உள்ள 'கடவுளின் கீழ்' என்ற தொடர் 1954இல், பனிப்போர்க் காலத்தில், நாடாளுமன்றம் சேர்த்தது. உறுதிமொழியோடு செய்ய வேண்டிய வணக்கம், வலது கையை முன்னால் நேராக நீட்டிக் கொடியைச் சுட்டுவது. 1892இல் யாருக்கும் அது உறுத்தவில்லை. 1935இல் செய்திப்படம் பார்த்த எவருக்கும் அந்தக் கை யாருடைய கையை நினைவூட்டியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாட்சிகளுக்கு அது வெறும் தோற்ற ஒற்றுமையாகவும் இல்லை. ஜெர்மனியில் அவர்களுடைய சகோதரர்கள் ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்ததற்காகக் கைதாகிக்கொண்டிருந்தார்கள். வதை முகாம்களில் அவர்களுக்கென்று ஊதா நிற முக்கோண அடையாளமே இருந்தது. சபையின் அமெரிக்கத் தலைவர் ஜோசப் ரூதர்ஃபோர்ட் 1935 ஜூனில் வாஷிங்டன் மாநாட்டில் கொடி வணக்கத்தையும் அதோடு சேர்த்துப் பேசினார். உருவங்களுக்கு வணங்காதே என்ற விவிலியக் கட்டளை கொடிக்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். அந்த இலையுதிர் காலத்தில் மாசசூசெட்ஸின் லின் நகரில் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுவன் மறுத்தான். ரூதர்ஃபோர்ட் வானொலியில் அவனைப் பாராட்டினார். மைனர்ஸ்வில்லில் கோபைட்டஸ் வீட்டாரும் அதைக் கேட்டார்கள்.

பள்ளிக் கண்காணிப்பாளர் சார்லஸ் ரௌடபுஷ் கொதித்துப்போனார். ஆனால் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. கொடி வணக்கம் அந்தப் பள்ளியில் வழக்கமே தவிர விதி அல்ல. இல்லாத விதியை மீறினார்கள் என்று எப்படித் தண்டிப்பது? எனவே 1935 நவம்பர் 6 அன்று பள்ளி வாரியம் கூடியது. பெற்றோர் சொன்னதைக் கேட்டது. கொடி வணக்கம் கட்டாயம், மறுத்தால் கீழ்ப்படியாமை என்று தீர்மானம் போட்டது. மை காய்வதற்குள் ரௌடபுஷ் எழுந்து, அந்த இருவரையும் இன்னொரு சாட்சி வீட்டுப் பையனையும் நீக்குவதாக அறிவித்தார். முந்தின நாள் வில்லியம் தன் கைப்பட வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். விவிலிய வசனங்களை எடுத்துக் காட்டி, நாட்டை நேசிக்காததால் அல்ல, நாட்டைவிடக் கடவுளை அதிகம் நேசிப்பதால் வணங்கவில்லை என்று அதில் விளக்கியிருந்தான். கோணல்மாணலான அந்தச் சிறுவன் கையெழுத்துக் கடிதம் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் தொலைவில் ஒரு பண்ணை வீட்டில் சாட்சிகள் நடத்திய சிறு பள்ளிக்குப் போனார்கள். அப்பாவின் கடையைப் புறக்கணிக்கும்படி ஊரில் பேச்சு எழுந்தது. 1937இல் அவர் ஃபிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே நீதிபதி ஆல்பர்ட் மாரிஸ், குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம், தொப்பி கழற்றி வணங்க மாட்டோம் என்று சொல்லிச் சிறை போனவர்களின் பரம்பரை. அவர் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்ததில் வியப்பில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1939இல் அதையே உறுதி செய்தது. வாரியம் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. போகிற வழியில் எழுத்தர் யாரோ குடும்பப் பெயரைப் பிழையாக எழுத, சட்ட நூல்களில் அது 'கோபைட்டிஸ்' வழக்கு என்றே நின்றுவிட்டது.

சாட்சிகள் வெல்வார்கள் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்க்கக் காரணமும் இருந்தது. 1940 மே 20 அன்று, கேன்ட்வெல் வழக்கில், அதே நீதிமன்றம் ஒருமனதாக அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், கத்தோலிக்கர் நிறைந்த தெருவில், சாட்சிகள் சிலர் கையோடு கொண்டுபோன கிராமஃபோனில் கத்தோலிக்கத் திருச்சபையைத் திட்டும் இசைத்தட்டைப் போட்டுக் காட்டிக் கைதாகியிருந்தார்கள். அவர்களைத் தண்டித்தது செல்லாது என்றது நீதிமன்றம். மதச் சுதந்திரம் மத்திய அரசை மட்டுமல்ல, மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று தெளிவாக நிறுவிய தீர்ப்பு அது. அந்த வகையில் இந்தத் தொடரின் மைல்கற்களில் ஒன்று. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சாட்சிகள் அன்று எவருக்கும் பிடித்தவர்களாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, உன் மதம் ஒரு மோசடி என்று சொல்பவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

கேன்ட்வெல் தீர்ப்பு வந்து சரியாகப் பதினான்கு நாள் கழித்து, 1940 ஜூன் 3 திங்கட்கிழமை, கோபைட்டிஸ் தீர்ப்பு வந்தது. லில்லியனும் அம்மாவும் சமையலறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டுக்கு ஒன்று. தோல்வி.

இடையில் நடந்தது என்ன? நீதிமன்றத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை; ஐரோப்பாவில் நடந்தது. ஹாலந்து விழுந்தது, பெல்ஜியம் சரணடைந்தது, டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பியோடியது, பாரிஸ் விழ இன்னும் பதினோரு நாள். நாட்டுக்குள்ளேயே ஐந்தாம் படை ஒளிந்திருக்கிறது என்ற அச்சம் அமெரிக்காவெங்கும் பரவியிருந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் அவர்தான். வியன்னாவில் பிறந்த யூதர். 1894இல், பன்னிரண்டு வயதில், ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் நியூயார்க்கில் வந்திறங்கினார். அமெரிக்க அரசுப் பள்ளி அவரை ஹார்வர்டு பேராசிரியராகவும் பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் ஆக்கியது. சாக்கோ, வான்செட்டி என்ற இத்தாலியத் தொழிலாளர்களுக்காக ஊரே எதிர்த்தபோதும் எழுதியவர். அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கத்தின் (ACLU) தொடக்க கால ஆதரவாளர். அப்படிப்பட்டவர் இரண்டு பிள்ளைகளுக்கு எதிராக எழுத நேர்ந்ததை வெறும் கோழைத்தனம் என்று தள்ள முடியாது. எங்கெங்கிருந்தோ வந்தவர்களை ஒரே மக்களாகச் சேர்த்துக் கட்டும் இடம் பள்ளி என்று அவர் மெய்யாகவே நம்பினார். அவரை அப்படிக் கட்டியதும் அதுதான். தேசப் பாதுகாப்புக்கு அடிப்படை தேச ஒற்றுமை, அந்த ஒற்றுமையைக் கொடி போன்ற சின்னங்கள் வளர்க்கின்றன, எந்த முறை நல்லது என்று முடிவு செய்வது பள்ளி வாரியங்களின் வேலை, நீதிபதிகள் நாட்டுக்கே பள்ளி வாரியமாக உட்காரக் கூடாது என்று போகிறது அவர் வாதம். எல்லோருக்கும் பொதுவான விதியிலிருந்து மத நம்பிக்கை யாருக்கும் விலக்குத் தராது என்று, ரெனால்ட்ஸ் கிழித்த கோட்டிலேயே வந்து நின்றார்.

விடுதலையின் பக்கம் எப்போதும் நிற்பார்கள் என்று பேர் பெற்ற ஹியூகோ பிளாக், வில்லியம் டக்ளஸ், ஃபிராங்க் மர்ஃபி மூவரும் அதில் கையெழுத்திட்டார்கள். மறுத்தவர் ஹார்லன் ஸ்டோன் ஒருவரே. ஃபிராங்க்ஃபர்ட்டர் அவருக்கு முன்னதாக நீண்ட கடிதம் எழுதி மனத்தை மாற்றப் பார்த்திருந்தார், பலிக்கவில்லை. சிறுபான்மையினரைச் சட்டமன்றங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடுவதானால் அரசியல் சட்டத்தில் உரிமைகளை எழுதிவைத்ததே வீண் என்ற பொருள்பட ஸ்டோன் எழுதினார். பிள்ளைகளை அவர்கள் நம்பாத ஒன்றைச் சொல்ல வைப்பது தேசபக்தியை வளர்க்காது என்றார். அன்று நீதிமன்றத்தில் தம் மறுப்புத் தீர்ப்பை வாய்விட்டு வாசித்தார்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சட்ட வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

ஜூன் 9. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் சாட்சிகளின் வழிபாட்டுக் கூடத்தைக் கும்பல் கொளுத்தியது. ஜூன் 16. இல்லினாய் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டில் சுமார் அறுபது சாட்சிகளைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. அவர்களைக் காப்பாற்றச் சிறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. ஜூன் 29. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில், மார்ட்டின் காட்லெட் என்ற துணை ஷெரிஃப், ஊருக்குள் வந்த சாட்சிகளை மேயர் அலுவலகத்தில் அடைத்தார். இனி நடப்பது சட்டத்தின் பேரால் அல்ல என்று சொல்லிச் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றிவைத்தார். பிறகு அவர்களுக்கு விளக்கெண்ணெயை வலுக்கட்டாயமாகப் புகட்டினார்கள். ஒரே கயிற்றில் கட்டித் தெருவழியே ஊர்வலமாக இழுத்துப்போய், கொடிக்கு முன் நிறுத்தி, ஊருக்கு வெளியே விரட்டினார்கள். வேறோர் ஊரில், ஏன் இவர்களை விரட்டுகிறீர்கள் என்று கேட்ட பத்திரிகையாளரிடம் ஷெரிஃப் சொன்ன பதில், இவர்கள் துரோகிகள் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, உங்களுக்குத் தெரியாதா என்பது.

ஃபிராங்க்ஃபர்ட்டர் அப்படிச் சொல்லவில்லைதான். அவர் தீர்ப்பில் சாட்சிகளைப் பழித்து ஒரு வரியும் இல்லை. ஆனால் தெருவில் இருப்பவர் தீர்ப்பின் பக்கங்களைப் படிப்பதில்லை. யார் தோற்றார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். குடியுரிமைகள் சங்கம் பிறகு வெளியிட்ட கணக்கின்படி, 1940 மே முதல் அக்டோபர் வரை 44 மாநிலங்களில் 335 ஊர்களில் ஏறத்தாழ 1,500 சாட்சிகள் தாக்கப்பட்டார்கள். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தம் பத்திரிகைப் பத்தியில் அமைதி காக்கச் சொன்னார். சொலிசிட்டர் ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடில் வானொலியில், நாஜிகளின் வழியை நாமே பின்பற்றி நாஜித் தீமையை வெல்ல முடியாது என்று எச்சரித்தார். காட்லெட் தண்டனை பெற 1942 வரை ஆயிற்று: ஓராண்டுச் சிறை. கூடவே, நாடெங்கும் பள்ளிகள் பிள்ளைகளை நீக்கத் தொடங்கின. போரின் நடுவில் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது.

நீதிபதிகளும் செய்தித்தாள் படிப்பவர்கள்தான். அந்தக் கோடைவிடுமுறை முடிந்ததும் டக்ளஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரிடம், கொடி வழக்கில் பிளாக் மனம் மாறிவிட்டார் என்றாராம். விடுமுறையில் அரசியல் சட்டத்தை மறுபடி படித்தாரோ என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் குத்தலாகக் கேட்டார். இல்லை, செய்தித்தாள்களைப் படித்தார் என்பது பதில். இதை வைத்து பிளாக்கைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. தம் கையெழுத்து தெருவில் என்ன செய்கிறது என்று பார்க்கிற நீதிபதியிடம் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. 1942 ஜூனில் ஓபிலைக்கா வழக்கில் பிளாக், டக்ளஸ், மர்ஃபி மூவரும் சற்றும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள். அது கொடி வழக்கே அல்ல. துண்டுப்பிரசுரம் விற்பதற்கான உரிமக் கட்டணம் பற்றியது. அதன் மறுப்புத் தீர்ப்பில் போகிற போக்கில், கோபைட்டிஸ் வழக்கில் தாங்கள் சேர்ந்தது தவறு என்று எழுதிவைத்தார்கள். இதற்குள் ஸ்டோன் தலைமை நீதிபதி ஆகியிருந்தார். அவர் விட்ட இடத்துக்கு ராபர்ட் ஜாக்சன் வந்திருந்தார். 1943 தொடக்கத்தில் வைலி ரட்லெட்ஜ் வந்தார். சாட்சிகளின் வழக்கறிஞர் ஹேடன் கவிங்டனுக்கு எண்ணத் தெரியும். நான்கு நீதிபதிகள் வெளிப்படையாகத் தம் பக்கம். இன்னும் ஒருவர் போதும்.

வழக்கு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து கிடைத்தது. அதே ரிச்வுட் இருக்கும் மாநிலம். 1942 ஜனவரி 9 அன்று மாநிலக் கல்வி வாரியம், கோபைட்டிஸ் தீர்ப்பின் வாசகங்களையே எடுத்துக் கோத்து, கொடி வணக்கத்தை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது. மறுக்கிற பிள்ளை பள்ளிக்கு வெளியே. வெளியே அனுப்பிய பிள்ளை சட்டப்படி பள்ளிக்கு வராத பிள்ளை. எனவே பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. அதாவது நாங்களே கதவைச் சாத்துவோம், உள்ளே வரவில்லை என்று தண்டிப்போம் என்பது ஏற்பாடு. நீட்டிய கை ஹிட்லர் வணக்கம் போல் இருக்கிறது என்று பெற்றோர்–ஆசிரியர் சங்கமும் சாரணர்களும் செஞ்சிலுவைச் சங்கமும் முறையிட்டபோது வாரியம் சற்றே இறங்கிவந்தது. சாட்சிகளுக்கு மட்டும் எந்தச் சலுகையும் தரவில்லை. கையை நெஞ்சில் வைத்தால் போதும் என்று நாடாளுமன்றமே வணக்கத்தை மாற்றியது 1942 டிசம்பரில்.

சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஸ்லிப் ஹில் என்ற சின்னப் பள்ளி. அங்கே படித்த கேத்தி, மேரி பார்னெட் சகோதரிகளுக்கு ஒன்பது வயதும் எட்டு வயதும். மறுத்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இங்கும் எழுத்தர் கைவரிசை: ஓர் எழுத்து கூடிப்போய் வழக்கின் பெயர் 'பார்னெட்டி' என்று படிக்கும்படி ஆயிற்று. மனச்சாட்சி உரிமைக்கான இரண்டு பெரிய வழக்குகளிலும் வழக்குத் தொடுத்தவர்களின் பெயரைக்கூட நீதிமன்றம் சரியாக எழுதவில்லை.

கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூவர் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் பார்க்கர். கீழ் நீதிமன்றம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பின்பற்றியே ஆக வேண்டும். அது அடிப்படை ஒழுங்கு. ஆனால் கோபைட்டிஸில் கையெழுத்திட்டவர்களில் மூவர் தவறு என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பை நாங்கள் பின்பற்ற வேண்டியதில்லை என்று 1942 அக்டோபரில் பார்க்கர் எழுதினார். கீழ் நீதிபதி ஒருவர் இப்படி எழுதுவது அபூர்வம். வாரியம் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது.

தீர்ப்பு 1943 ஜூன் 14 அன்று வந்தது. அமெரிக்காவில் அது கொடி நாள். நாளைத் தேர்ந்தெடுத்தார்களா, தானாக அமைந்ததா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். ஆறுக்கு மூன்று. கோபைட்டிஸ் ரத்து.

எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். நாட்டுப்புறத்து வழக்கறிஞர், கல்லூரிப் பட்டம் கிடையாது, சட்டக் கல்லூரியில் ஓராண்டுதான். இரண்டு ஆண்டு கழித்து நூரெம்பர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்கத் தரப்பில் வாதாடியவரும் இவரே. சாட்சிகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம் ஒன்றும் இல்லை. ஆறு வாரம் முன்புதான், பென்சில்வேனியாவின் ஜெனெட் நகரில் குருத்தோலை ஞாயிறன்று சாட்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து வீடு வீடாகத் தொல்லை செய்ததை விவரித்து, அவர்களுக்கு எதிராகக் காட்டமாக எழுதியிருந்தார். அவர் கையிலிருந்துதான் இந்தத் தீர்ப்பு வந்தது.

ஜாக்சன் செய்த பெரிய காரியம் கேள்வியையே மாற்றியது. 1940இல் எல்லோரும் கேட்டது: எல்லோருக்கும் உள்ள கடமையிலிருந்து இந்தச் சபைக்கு மட்டும் விலக்கு உண்டா? அப்படிக் கேட்டால் விலக்கு கேட்பவர் எப்போதும் சலுகைக்குக் கையேந்துபவராகிவிடுகிறார்; பக்கத்தில் நிற்பவருக்கு எரிச்சலும் வருகிறது. ஜாக்சன் ஒரு படி பின்னால் போய்க் கேட்டார்: முதலில் இப்படி ஒரு கடமையை யார்மீதாவது சுமத்த அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா? கொடி வணக்கம் ஒரு பேச்சு. பேச விடாமல் தடுப்பதற்கே அரசு உடனடி ஆபத்தைக் காட்ட வேண்டும் என்றால், மனத்தில் இல்லாததைப் பேச வைப்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேண்டாமா? எனவே எந்த அதிகாரியும், பெரியவரோ சிறியவரோ, அரசியலிலும் தேசியத்திலும் மதத்திலும் எது சரியான கருத்து என்று விதித்து, அதைக் குடிமக்கள் வாயால் ஒப்புக்கொள்ளும்படி செய்ய முடியாது. இந்த உரிமை சாட்சிகளுக்கு மட்டுமல்ல. கத்தோலிக்கருக்கும் உண்டு, நாத்திகருக்கும் உண்டு, எந்த மதக் காரணமும் சொல்லாமல் சும்மா பிடிக்கவில்லை என்பவருக்கும் உண்டு. அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டு வைத்ததே அவற்றை ஓட்டுக்கு விடாமல் இருக்கத்தான் என்றார். பள்ளி வாரியம் சின்ன அமைப்புதானே என்ற வாதத்தையும் விடவில்லை. ஊர் மட்டத்து அதிகாரியிடம்தான் பொறுப்புணர்வு குறைவாகவும் கண்காணிப்பு குறைவாகவும் இருக்கும் என்றார். மைனர்ஸ்வில் வாரியக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டரின் தேச ஒற்றுமை வாதத்துக்கு அவர் வரலாற்றைக் கொண்டே பதில் சொன்னார். ரோமானியர் கிறிஸ்தவத்தை ஒழிக்கப் பார்த்தது, கத்தோலிக்க விசாரணை மன்றங்கள், ரஷ்யாவின் சைபீரிய நாடுகடத்தல்கள், நம் காலத்துச் சர்வாதிகாரங்கள். கட்டாயத்தால் ஒற்றுமை உண்டாக்கப் புறப்பட்டவர்கள் மாற்றுக் கருத்தை ஒழிப்பதில் தொடங்கி மாற்றுக் கருத்தாளரை ஒழிப்பதில் முடிகிறார்கள். கடைசியில் கிடைப்பது இடுகாட்டு ஒருமைப்பாடு. போர் முடிந்து அமைதி திரும்பிய பிறகு சாவகாசமாக எழுதிய வரிகள் அல்ல இவை. அமெரிக்கப் பிள்ளைகள் பசிபிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் செத்துக்கொண்டிருந்த மாதத்தில் எழுதியவை.

ஃபிராங்க்ஃபர்ட்டர் அசையவில்லை. தம் மறுப்புத் தீர்ப்பைத் தம் பிறப்பைச் சொல்லியே தொடங்கினார்: வரலாற்றில் மிக இழிவும் துன்பமும் பட்ட சிறுபான்மையில் பிறந்தவனுக்கு இந்த உரிமைகளின் அருமை தெரியாமல் இல்லை, ஆனால் நீதிபதியாக நான் யூதனும் அல்ல, கத்தோலிக்கனும் அல்ல. நீதிபதி ஒருவர் தம்மைப் பற்றி இப்படி எழுதக் கூடாது, இந்த வரிகளை எடுத்துவிடுங்கள் என்று சக நீதிபதிகள் கேட்டுக்கொண்டார்கள். எடுக்கவில்லை. அவருடைய அடிப்படைக் கவலையை, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் செய்ததை ஆயுள் பதவி நீதிபதிகள் எவ்வளவு தூரம் ரத்து செய்யலாம் என்பதை, எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மூன்று ஆண்டுகளில் அவர் தீர்ப்பு எங்கெல்லாம் போயிற்று என்று பார்த்த பின்பும் அந்த மறுப்பில் ரிச்வுட்டின் விளக்கெண்ணெய் எங்கும் வரவில்லை. அவரிடம் என்னால் ஒப்பமுடியாத இடம் அது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் கடல் தாண்டி நம் பக்கத்துக்கும் வந்தன. 1985 ஜூலையில் கேரளத்துப் பள்ளி ஒன்று, யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரை நீக்கியது. தேசிய கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. கேரள உயர் நீதிமன்றம் ஜன கண மனவை வரி வரியாகப் பார்த்து, இதில் யாருடைய மதத்தையும் புண்படுத்தும் சொல் ஒன்றும் இல்லையே என்று வழக்கைத் தள்ளியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதைப் புரட்டினார். பாட்டில் குற்றம் உண்டா என்பது கேள்வியே அல்ல. பிள்ளைகளின் நம்பிக்கை உண்மையானதா என்பதுதான் கேள்வி. தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நின்றதில் மரியாதைக் குறைவும் இல்லை. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பில் மைனர்ஸ்வில்லும் மேற்கு வர்ஜீனியாவும் விரிவாகவே பேசப்படுகின்றன. ஆனால் சின்னப்ப ரெட்டி ஜாக்சனின் வழியில் மட்டும் போகவில்லை. பேச்சுரிமைப் பிரிவையும் மத உரிமைப் பிரிவையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்.

அது முன்யோசனையுள்ள காரியம் என்று நினைக்கிறேன். ஜாக்சன் பேச்சுரிமை வழியே போனதால், கொடி வழக்கு எல்லோருக்குமான வெற்றி ஆயிற்று. ஆனால் பழைய கேள்வி அப்படியே கிடந்தது. பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொதுவிதி ஒருவருடைய மதக் கடமையோடு மோதினால் என்ன செய்வது? ரத்தான கோபைட்டிஸ் தீர்ப்பு இந்த இடுக்கில் உயிரோடு இருந்தது. 1990இல், ஓரிகான் மாநிலத்தில் பெயோட்டே என்ற கள்ளியை வழிபாட்டில் உட்கொண்டதால் வேலையிழந்த இருவரின் வழக்கில், நீதிபதி அன்டோனின் ஸ்கலியா ஃபிராங்க்ஃபர்ட்டரின் 1940ஆம் ஆண்டு வாசகத்தையே மேற்கோள் காட்டி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

அந்த வழக்குக்குப் போகும் முன் தென் கரோலினாவின் ஒரு நூற்பாலைக்குப் போக வேண்டும். அங்கே ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அடெல் ஷெர்பர்ட் என்ற பெண் தொழிலாளி சனிக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்றார். வேலை போயிற்று, வேலையில்லாதோர் உதவித்தொகையும் கிடைக்கவில்லை. 1963இல் முடிந்த அவருடைய வழக்கு அடுத்த இதழில்.